சின்ன டாக்ஸிக்கு ஒரு எஞ்சின்

போன மாதம் என் மகன் ஒரு மோட்டர் வாங்கப் போனான். துணைக்கு நானும் போனேன். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தில், தன்னைப் போன்ற நாலைந்து தடிமாடுகளோடு சேர்ந்து பொம்மைக் கார் ஓட்டுகிறான். பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். "மாடல்மா" என்பான். சரி, மாடல்.

கடையில் ஒரு சுவர் முழுக்க மோட்டர்கள் தொங்கின. ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள், ஒரு எண்ணோடு. இவன் போனைப் பார்த்து எண்ணைச் சொன்னான். கடைப் பெண் எட்டி எடுத்துக் கொடுத்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"வேற என்னாம்மா வேணும்?" என்றான்.

அவனுக்கு எப்படிச் சொல்வது? அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், என் வயதுக்காரர்களிடம். பினாங்குக்குப் பாலம் வராத காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள் நாம். ஒரு பொருள் வேண்டுமென்றால் கடை கடையாக ஏறி இறங்கவேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஒரு சின்னக் காருக்குச் சரியான எஞ்சின் தேடி நானும் என் அப்பாவும் மூன்று மாதம் அலைந்தோம். எனக்கு அப்போது பதினொரு வயது. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான மூன்று மாதம் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அப்போது சூலியா வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். வீட்டுப் பின்கதவைத் திறந்தால் பின்சந்து. அங்கே அப்பாவின் டாக்ஸி நிற்கும். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. ஃபெரியில் வந்து இறங்குகிறவர்களை ஜெட்டி ஸ்டாண்டில் ஏற்றிக்கொண்டு தீவு முழுக்கச் சுற்றுவார். இருபது வருஷம் ஓட்டியவர். டாக்ஸியின் உள்ளே எப்போதும் ஊதுவத்தியும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசனை இருக்கும். அதுதான் அப்பாவின் வாசனை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்த வாரத்தில், ஆயர் ஈத்தாம் போகிற வழியில், ஒரு லாரி வளைவில் தடம் மாறி வந்து டாக்ஸியின் முன்பக்கத்தை நசுக்கியது. பின்சீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். அவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். அப்பாவுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. போலீஸ் வந்து பார்த்து, தப்பு முழுக்க லாரிக்காரன் மேல் என்று எழுதிக்கொண்டு போனது.

அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே அக்கரையில், புக்கிட் மெர்தாஜம் கோயிலில் இருக்கும் புனித அன்னம்மாளுக்கு, மாதாவைப் பெற்றவருக்கு, நேர்ந்துகொண்டார். எங்கள் கத்தோலிக்கச் சனங்கள் எதற்கெடுத்தாலும் நேர்ந்துகொள்கிறவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கால் நோவு என்றால் மெழுகுக் கால் வைப்போம், பிள்ளை இல்லையென்றால் சின்னத் தொட்டில் வைப்போம். அம்மா எதிலும் ஒரு படி மேலே போகிறவர். "தாயே, அவர் எழுந்து நடந்தா, எஞ்சினோட ஓடுற சின்ன டாக்ஸி ஒன்னு செஞ்சு உங்க காலடியில ஓட்டிக் காட்டுறேன். அதுக்கப்புறம்தான் அவர் ஸ்டீரிங்கத் தொடுவாரு" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார், ஆகவே நானும் சாட்சி.

சித்திரை பிறப்பதற்குள் அப்பா தடியூன்றி நடக்கத் தொடங்கிவிட்டார். பட்டறைக்காரர் டாக்ஸியைச் சரிசெய்து பின்சந்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார். ஜூலையில் அன்னம்மாள் திருவிழா. அதற்குள் சின்ன டாக்ஸி தயாராகவேண்டும்.

அப்பா அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் டாக்ஸியை அளந்தார். நீளம், அகலம், சக்கரத்துக்குச் சக்கரம் உள்ள இடைவெளி என்று ஒவ்வொன்றையும் என்னிடம் சொல்ல, நான் பள்ளி நோட்டில் எழுதிப் பத்தால் வகுத்தேன். கணக்கில் நான் மட்டம். ஆனால் பத்தால் வகுப்பதற்குக் கணக்கு எதற்கு? பிஸ்கட் டின்னை வெட்டி உடம்பு செய்தார். தேய்ந்த சிலிப்பரின் அடியை வட்டமாக அறுத்துச் சக்கரம். முன்விளக்குக்கு அம்மாவின் ஜாக்கெட்டிலிருந்து இரண்டு வெள்ளைப் பொத்தான்கள். கண்ணாடிக்குத்தான் என்ன செய்வதென்று இரண்டு நாள் யோசித்தார். பிறகு தன்னுடைய கால் எக்ஸ்ரே ஃபிலிமைச் சலவைச் சோடா கரைத்த நீரில் ஊறவைத்துச் சுரண்டினார். முறிந்த எலும்பு கரைந்து போய்ப் பளபளவென்று கண்ணாடி வந்தது.

"டாக்டர் கேட்டா என்னா சொல்றது?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"காலே இருக்கு, அதப் பாத்துக்கச் சொல்லு" என்றார் அப்பா.

மே மாதத்தில் உடம்பு தயார். கறுப்பும் மஞ்சளும் அடித்து, நம்பர் பிளேட்டுகூட எழுதியாகிவிட்டது. எஞ்சின்தான் இல்லை. எஞ்சின் என்று அப்பா சொல்வார். உண்மையில் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டர். ஆனால் அவர் அதை ஒருநாளும் மோட்டர் என்று சொன்னதில்லை.

இன்று லிட்டில் இந்தியா என்கிறார்கள், எங்களுக்கு அது மார்க்கெட் ஸ்திரீட்தான். முதல் எஞ்சின் அங்கே ஒரு பொம்மைக் கடையில் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பேட்டரியில் தொட்டவுடன் ஙொய் என்று கத்தியது. காரில் பொருத்தினால் கார் அசையவில்லை, எஞ்சின் மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. "வாய்தான் இருக்கு" என்று அப்பா கழற்றிவிட்டார். எஞ்சின் சின்னதாக இருந்தால் வேகம் இருக்கும், இழுவை இருக்காது. தகர டாக்ஸியோ நல்ல கனம். பல் சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டவேண்டும் என்று எனக்கு அன்று விளக்கினார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஓர் ஒளி வரும். விபத்துக்குப் பிறகு அந்த ஒளியை வேறெந்தப் பேச்சிலும் நான் பார்க்கவில்லை.

இரண்டாவது, ரேடியோ ரிப்பேர் கடை பாய் கொடுத்த டேப்ரிக்கார்டர் எஞ்சின். சத்தமே இல்லாமல் சுற்றியது. வண்டியை முக்கால் அடி நகர்த்திவிட்டு நின்றுகொண்டது. "இது நல்ல குடும்பத்துப் புள்ள, பாரம் தூக்காது" என்றார் அப்பா. மூன்றாவது, தலைமுடி உலர்த்தும் கருவியில் இருந்தது. அது கருகி, வீட்டில் இரண்டு நாள் நாற்றம். நான்காவதை மாமா கொண்டுவந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறவர். எதையும் பெரிதாகச் செய்தால்தான் அவருக்குத் திருப்தி. ஒருநாள் சாக்குப்பையில் எதையோ தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். லாரியின் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் மோட்டர்.

"மச்சான், இதவிட இழுவை உலகத்திலேயே கிடையாது" என்றார்.

அப்பா சின்ன டாக்ஸியைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தார். "எஞ்சின் மேல டாக்ஸிய ஏத்தி அனுப்பலாம்னு சொல்றியா?"

நானும் அம்மாவும் சிரித்துவிட்டோம். மாமாவுக்கு முகம் சுருங்கியது. போகும்போது வாசலில் நின்று அம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "அக்கா, கால் எப்பவோ சரியாயிடுச்சு. மனுசனுக்கு உக்காந்து திங்கறது ருசி கண்டுபோச்சு. இது பொம்மை விளையாட்டு லா, வேற ஒன்னும் இல்ல."

அன்று இரவு சாப்பாட்டில் அம்மா அப்பாவிடம் கேட்டார். "எஞ்சின்னா எஞ்சின்தானே? ஏதோ ஒன்னப் போட்டு ஓட்டிட்டா என்னா?"

"நீதானே ஓட்டிக் காட்டுறேன்னு சொன்ன. பாதியில நின்னா அவமானம் யாருக்கு? அன்னம்மாவுக்கா, உனக்கா?"

"அப்ப எஞ்சின் இல்லாம சும்மா வச்சிரலாமா?"

"நீயே சொல்லு."

அம்மா தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். மெழுகுவத்தி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரியில்லாமல் வைப்பவர் இல்லை அவர். நேர்ந்த வாக்கில் ஒரு சொல் குறைந்தாலும் சாமி குத்தம் என்பது அவர் தீர்மானம். அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். இதை இன்று எழுதும்போதுதான் எனக்குப் புரிகிறது. அன்று நான், என் அப்பாவைப் போல ஒரு கைகாரர் ஊரிலேயே இல்லை, கண்டதையெல்லாம் போடமாட்டார் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பள்ளி விட்டு வந்ததும் நானும் அப்பாவும் கிளம்பிவிடுவோம். அவர் தடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வழியில் ஒரு கடையில் ஆளுக்கொரு சர்பத். அவர் எஞ்சினைச் சோதிக்கும் விதமே அலாதி. எஞ்சினைச் சுற்றவிட்டு, ஸ்குரூ டிரைவர் நுனியை அதன் முதுகில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை இடுக்கிக்கொள்வார். பட்டறைக்காரர்கள் பெரிய எஞ்சினுக்குச் செய்வது. பிறகு என் காதில் வைப்பார். "உள்ள மண்ணு அரைக்குற மாதிரி கேக்குதா? வேணாம்." நாளடைவில் எனக்கும் காது பழகிவிட்டது. நல்ல எஞ்சின் ஒரே சீராக, தூங்குகிற பூனையைப் போல உறுமும். நான் அதுவரை ஒரு நல்ல எஞ்சினைக் கேட்டதில்லை, கெட்டதை வைத்துத்தான் நல்லது எப்படியிருக்கும் என்று கற்றுக்கொண்டேன்.

ஜூன் கடைசியில் ஒருநாள் ரோப் வாக் பழைய சாமான் கடைகளுக்குப் போனோம். அந்தக் காலத்து ரோப் வாக் நினைவிருக்கிறதா உங்களுக்கு? தரையில் சாக்கை விரித்து உடைந்த கடிகாரம், ஒற்றைச் செருப்பு, கைப்பிடியில்லாத கரண்டி, யாரோ ஒருவருடைய கல்யாணப் போட்டோ என்று எல்லாம் விற்பார்கள். ஒரு சீனக் கிழவர் முன்னால் உடைந்த பொம்மை மண்வாரி வண்டி ஒன்று கிடந்தது. அப்பா குனிந்து அதன் வயிற்றைத் திறந்தார். உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு எஞ்சின். அதோடு சேர்ந்தாற்போல் மூன்று பித்தளைப் பல் சக்கரங்கள்.

"இனி குவாட்" என்றார் கிழவர். இது வலுவானது என்று அர்த்தம். மலாயில் அவருக்கு அந்த இரண்டு சொல்தான் தெரியும் போலிருந்தது, எல்லாச் சாமானுக்கும் அதையே சொன்னார்.

அப்பா சட்டைப்பையிலிருந்து பேட்டரியை எடுத்துத் தொட்டார். மெதுவாகச் சுற்றியது. விரலால் நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். நான் கையை நீட்டினேன். அவர் அதை என்னிடம் தரவில்லை.

"இது சரிப்படாது" என்று கீழே வைத்துவிட்டு நடந்தார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அன்று சர்பத்தும் குடிக்கவில்லை. மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா வீட்டில் இல்லை. முடி வெட்டப் போயிருப்பதாக அம்மா சொன்னார். திரும்பி வந்தவரின் தலையில் ஒரு முடிகூடக் குறைந்த மாதிரி தெரியவில்லை. கடையில் கூட்டம் என்றார். நான் நம்பினேன்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீதானே அவர் கூடவே சுத்துற. எது சரியா இருக்கும்னு உனக்குத் தெரியுமில்ல? எப்படியாச்சும் ஒன்னக் கண்டுபிடிடா கண்ணு. திருவிழா முடிஞ்சு அடுத்த நாளு அவர் ஸ்டாண்டுக்குப் போயாகணும்." அம்மாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அந்த ஆறு மாதமும் ஊராருக்குத் துணி தைத்துக் கொடுத்து அவர்தான் வீட்டை ஓட்டினார். எனக்கு அது அப்போது தெரியும். ஆனாலும் அவர் அப்பாவை விரட்டுகிறார் என்றுதான் மனசுக்குள் அவர்மேல் கோபம் வைத்திருந்தேன். பிள்ளைகளுக்குச் சர்பத் வாங்கித் தருகிறவர்கள் மேல்தான் பிரியம். சோறு போடுகிறவர்கள் மேல் இல்லை.

சனிக்கிழமை, டாக்ஸியின் உள்ளே தூசி தட்டச் சொன்னார் அம்மா. முன்சீட்டில் யாரும் உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. டேஷ்போர்டில் இருக்கும் சின்ன அறையைத் திறந்தேன். மஞ்சள் துணியில் ஏதோ சுற்றியிருந்தது. பிரித்தேன். கட்டைவிரல் அளவு எஞ்சின், மூன்று பித்தளைப் பல் சக்கரங்கள்.

வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பேட்டரியும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துவந்தேன். சுற்றவிட்டுக் காதில் வைத்தேன். ஒரே சீராக உறுமியது. மூன்று மாதம் நாங்கள் தேடிய சத்தம் அதுதான் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நிமிர்ந்தால் அப்பா கதவருகே நிற்கிறார். தடியைச் சாய்த்துவிட்டு, பின்கதவைத் திறந்து, பின்சீட்டில் உட்கார்ந்தார். நானும் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சரியாத்தானே இருக்குப்பா?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் போடல?"

அவர் எஞ்சினை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கு அங்கயே விட்டுட்டு வந்தேன். ராத்திரியெல்லாம் அதே ஞாபகம். விட்டுட்டு வரவும் மனசு இல்ல, கொண்டாந்து போடவும் மனசு இல்ல." கட்டைவிரலால் ஒரு பல் சக்கரத்தை மெல்லச் சுற்றினார். "பாப்பா, லாரி வந்தப்போ நான் என்னா செஞ்சேன் தெரியுமா?"

"பிரேக் போட்டீங்க." எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"கண்ண மூடிக்கிட்டேன்."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"இருவது வருசம் ஓட்டுனவன். இதோ, இந்த எடத்துல ஒரு புள்ள உக்காந்திருந்துச்சு, உன் வயசுதான் இருக்கும். ஸ்டீரிங்க இப்படி ஒரு திருப்புத் திருப்பியிருக்கலாம். கண்ண மூடிக்கிட்டேன். கை எங்க, கால் எங்கன்னே தெரியல."

"அந்தப் புள்ளைக்குத்தான் ஒன்னும் ஆகலியே."

"ஆகல. நான் காப்பாத்தல. அதுவா தப்பிச்சுச்சு." அவர் முன்சீட்டைப் பார்த்தார். "தப்பு லாரிக்காரன் மேலதான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும். இப்ப அந்த சீட்ல போய் உக்காந்தா கண்ணு தானா மூடிக்குது. எஞ்சினப் போட்டுட்டா உங்கம்மா வாக்கு முடிஞ்சுடும். அப்புறம் நான் ஓட்டணும். எனக்குப் பயமா இருக்கு பாப்பா."

அப்பாக்கள் பயப்படுவார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் நினைக்கலாம், பிள்ளை ஏமாந்து போயிருக்கும் என்று. இல்லை. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தேன். பிறகு எஞ்சினை அவர் கையிலிருந்து எடுத்து, மஞ்சள் துணியில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன்.

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்பா."

அவர் தலையை ஆட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டுக் குழாயடியில், தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று மாலை அம்மா கேட்டார், எஞ்சின் கிடைத்ததா என்று. கிடைக்கவில்லை என்றேன். பொய் சொன்னால் எனக்குக் காது சிவந்துவிடும். அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினுக்குத் திரும்பிவிட்டார். அந்த வாரம் முழுக்க எஞ்சினைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

திருவிழாவன்று காலையிலேயே ஃபெரி பிடித்து அக்கரைக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் புக்கிட் மெர்தாஜம். அம்மா சின்ன டாக்ஸியை வெள்ளைத் துவாலையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். எஞ்சின் இல்லாத டாக்ஸி. அதை ஏன் எடுத்துக்கொண்டு வருகிறார் என்று அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் நிற்க இடமில்லை. மல்லிகையும் வியர்வையும் மெழுகும் கலந்த வாசனை. கோயிலுக்கு வந்ததும் அப்பாவால் மேட்டில் ஏறமுடியவில்லை. கீழே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். நானும் அம்மாவும் மேலே போனோம்.

வரிசை மெல்ல நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் ஒருவர் வெள்ளிக் கால் வைத்திருந்தார். இன்னொரு அம்மாள், பொட்டு வைத்தவர், மெழுகுக் குழந்தை ஒன்றை ஏந்தியிருந்தார். எங்கள் முறை வந்ததும் அம்மா மண்டியிட்டு, துவாலையைப் பிரித்து, டாக்ஸியை அன்னம்மாளின் காலடியில் வைத்தார். பிறகு கைப்பையைத் திறந்து மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்தார்.

பித்தளைச் சக்கரங்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மின்னின. அதைப் பொருத்த இரண்டு திருகாணி போதும். தையல் மெஷினைத் தானே கழற்றி மாட்டுகிறவர் அம்மா, அவருக்கு ஐந்து நிமிட வேலை. பேட்டரிகூட ஏற்கெனவே காரில் இருந்தது. முடிந்தது, நாளைக்கு அப்பா ஸ்டாண்டுக்குப் போகவேண்டும் என்று நினைத்தேன்.

அம்மா அந்த எஞ்சினை உள்ளங்கையில் வைத்து ஏந்திக் காட்டினார். அவர் வாய்க்குள் சொன்னது, பக்கத்தில் மண்டியிட்டிருந்த எனக்கு மட்டும் கேட்டது.

"தாயே, எஞ்சினோட ஓட்டிக் காட்டுறேன்னு வாக்குக் குடுத்தேன். எஞ்சின் கையில இருக்கு. இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா போடமாட்டேன். இதப் போட்டா அவர் ஓட்டணும், அவரால முடியாது. வாக்குக் குடுத்தது நான், அவர் இல்ல. கோவம்னா எங்கிட்ட காட்டுங்க. அவர் பட்டது போதும்."

எஞ்சினைத் திரும்பவும் சுற்றிப் பைக்குள் வைத்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார். சாமிக்குக் கொடுத்த வார்த்தையை, தெரிந்தே, அன்னம்மாளின் முகத்துக்கு நேராக மீறுவது அம்மாவுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அன்றே தெரிந்தது. அப்பாவின் பயத்தைவிட அது பெரிதாக இருந்திருக்கலாம்.

இறங்கும்போது கேட்டேன். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"குழாயடியில துணி தோச்சிக்கிட்டு இருந்தேன். சொவரு எவ்வளவு ஒசரம்னு நினைச்ச?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் மேல சொன்னத அப்பாகிட்ட சொல்லாத. எஞ்சின நானே இருந்த எடத்துல வச்சிடுறேன்."

அப்பா எங்களைக் கண்டதும் தடியைத் தேடினார்.

"வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்க."

"எஞ்சின் இல்லாமயா?"

"அவங்களும் ஒரு குடும்பத்த நடத்துனவங்கதானே, புரியும்." அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "டாக்ஸிய தம்பி ஓட்டட்டும். இந்தக் கரையிலயே, பிறையில ஏதோ ஸ்டோருக்கு ஆள் கேக்குறாங்களாம், உங்களுக்குப் பாக்கலாம்."

"நான் ஓட்ட வேணாமா?"

"வேணாம்."

அப்பா ஏன் என்று கேட்கவில்லை. கூட்டம் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, சின்னப் பிள்ளையைப் போல, தோள் குலுங்க அழுதார். அம்மா பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்குப் புளிச்சோறு கொடுத்தார். அதுபோல ஒரு சோற்றை நான் பிறகு சாப்பிட்டதில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். உண்மையில் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அப்பா அக்கரையில், பிறை ஊரில், ஸ்டோர் வேலைக்குப் போனார். ஓய்வு பெறும்வரை தினமும் ஃபெரியில் போய்வந்தார். மாமா டாக்ஸி ஓட்டினார், நன்றாகவே ஓட்டினார். சின்ன டாக்ஸி என்ன ஆனதென்று தெரியாது. அடுத்த வருஷம் போனபோது காணிக்கைகளையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். எஞ்சினை அப்பா கடைசிவரை வைத்திருந்தார், அவர் போன பிறகு வீடு மாறியதில் அதுவும் எங்கோ தொலைந்துவிட்டது.

அம்மாவுக்கு ஐம்பது தாண்டியதும் வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. எலும்புத் தேய்மானம் என்றார் டாக்டர். குழாயடியில் குந்தித் துணி துவைத்தவர்களுக்கெல்லாம் வருவதுதான். ஆனால் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் என் காதோடு சொன்னார். "அன்னம்மாகிட்ட நான்தானே கேட்டு வாங்குனேன். அவர் கால்ல விழாம என் கால்ல விழுந்துச்சே, அது போதும்." சொல்லிவிட்டு, பெரிய கடன் ஒன்று கழிந்தவரைப் போல நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அது அப்படியில்லை என்று வாதாட எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அப்பா தைலப் போத்தலை எடுத்துக்கொண்டு அம்மாவின் காலருகே உட்கார்ந்துவிடுவார். வளையாத தன் காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பதமாகத் தேய்ப்பார். "யாருக்கு என்னா கெடுதல் செஞ்ச நீ? உனக்குப் போயி இப்படி ஒரு வலி" என்று ஒவ்வொரு நாளும் அங்கலாய்ப்பார். அம்மா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் மேலே தேய்க்கச் சொல்வார்.